எடைக் கடிகாரம் ஓடட்டும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"செல்போனிலேயே மணி தெரியுதே, பழைய அமெரிக்கக் கடிகாரத்தை ஏங்க சேர்க்கிறீங்க?" என்று பலரும் கேட்கிறார்கள். என் பதில்: அது ஓடும் இயற்பியல் பாடம்!

ஸ்பிரிங் தளரத் தளர இழுவிசை குறையும். தொங்கும் எடையோ முதல் நாளும் எட்டாம் நாளும் ஒரே மாதிரி இழுக்கும். செத் தாமஸ் கம்பெனி 1860 வாக்கில் கொண்டுவந்த 'ரெகுலேட்டர் நம்பர் 2' அப்படிப்பட்டதுதான். ஒரே எடை, மரத்தண்டு ஊசல், எட்டு நாள் ஓட்டம். 1950 வரை செய்தார்கள். மலிவு விலைக் கடிகாரங்களும் உண்டு. சான்சி ஜெரோம் 1842-இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய பித்தளை இயந்திரக் கடிகாரங்களின் விலையைச் சுங்கத்துறை நம்பவில்லை. குறைத்துக் காட்டுகிறார் என்று சொல்லிச் சரக்கையே வாங்கிக்கொண்டது. அவருக்கோ நல்ல வியாபாரம்!

சேலத்தில் சரியாக ஓடும் கடிகாரத்தைக் கரடியூருக்குக் கொண்டுவாருங்கள். சுமார் 1,200 மீட்டர் மேலே வந்ததும் ஈர்ப்பு சற்றுக் குறையும். ஊசல் நாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாகும். மலைக்குளிர் தண்டைச் சுருக்கிக் கொஞ்சம் வேகப்படுத்தும். மரத்தண்டில் அது மிகக் குறைவு. குண்டின் அடியிலுள்ள திருகை ஏற்றினால் சரியாகிவிடும்.

வாங்கும்போது கதவைத் திறந்து பாருங்கள். எடை, கயிறு, ஊசல் எல்லாம் இருக்கிறதா? பழைய இயந்திரத்தை இரும்புக் கடையில் போட்டுவிட்டு பேட்டரி மிஷின் மாட்டி விற்கிறவர்கள் உண்டு. பெட்டி மட்டும் மிஞ்சினால் அது கடிகாரம் ஆகாது. உள்ளே ஒட்டிய காகிதச் சீட்டைக் கிழிக்காதீர்கள்; அதுவே அதன் ஜாதகம். இடம் மாற்றும் முன் எடையையும் ஊசலையும் கழற்றுங்கள். டிக், டாக் இரண்டும் சம இடைவெளியில் கேட்கும்படி மாட்டுங்கள்.

தம்பி தங்கைகளே, இதைப் பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் அருகிவிட்டார்கள். அவர்கள் கை ஓயுமுன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பணம் இருந்தால் கடிகாரம் வாங்கலாம். அந்தக் கைப்பழக்கம் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.