வெண்கண்டலும் வாய்க்காலும்



கடலோரக் கிராமங்களில் உவர்நிலம் என்றால் உதவாத நிலம் என்று தள்ளிவிடுவது வழக்கம். நெல் விளையாத அந்தச் சேற்றிலேயே இயற்கையாக முளைத்துத் தழைக்கும் செடியொன்று உண்டு. அதற்குப் பிச்சாவரத்தில் வெண்கண்டல் என்று பெயர். முத்துப்பேட்டையில் அலையாத்தி என்பார்கள். நல்ல இடத்தில் சிறு மரமாக ஓங்கும். உப்பு மிகுந்த இடத்தில் புதராகவே நின்றுவிடும். தடித்த இலையின் மேற்புறம் பச்சை. அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை.

1,000 பலம் கடல்நீரில் சுமார் 35 பலம் உப்பு உண்டு. இச்செடியின் வேர் அவ்வுப்பில் பெரும்பகுதியை வாயிலிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி உள்ளே புகுந்ததை இலைகளிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் ஏறிய வேளையில் ஓர் இலையைப் பறித்து நாவில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். இதற்குப் பெரிய பரீட்சை வேண்டுவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சுவிட வேண்டுமல்லவா? அதற்காகச் செடியைச் சுற்றிலும் விரல் பருமனில் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கின்றன. காயும் விசித்திரமானது. தாய்ச்செடியில் இருக்கும்போதே உள்ளே கன்று உருவாகிவிடுகிறது. விழுந்த காய் நீரில் மிதந்து சென்று, தோல் கழன்று, ஒதுங்கிய சேற்றில் வேர் விடுகிறது.

இவ்வளவு உப்பைத் தாங்குவது எதையும் தாங்கும் என்று எண்ணிவிடுவது பெரும்பிழை. நாள்தோறும் ஏறி இறங்கும் நீரையே அது தாங்குகிறது; தேங்கிக் காய்கிற நீரைத் தாங்குவதில்லை. பிச்சாவரத்தில் நேர்ந்ததே இதற்குச் சாட்சி. அங்கே 1970-களின் தொடக்கம் வரை காட்டைக் கூப்புக் கூப்பாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு. கணக்குப் பொய்த்தது. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது, ஈரம் வற்றியது, மண் அமுங்கித் தொட்டிபோல் பள்ளமாயிற்று. உள்ளே ஏறிய கடல்நீர் வெளியேற வழியின்றி நின்று காய, உப்பு மட்டும் மேன்மேலும் சேர்ந்தது. விழுந்த விதை முளைக்கவில்லை. முதலை எடுத்துச் செலவழித்த பின் வட்டி எங்கிருந்து வரும்? அதுகாறும் ஆடுமாடுகளின் மேல் சுமத்தப்பட்ட பழியில் பாதிக்குமேல் நியாயமற்றது என்றே சொல்ல வேண்டும்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் காட்டிலாகாவும் கிராமத்தாருடன் கூடி இதற்குப் பரிகாரம் கண்டன. முதல் வேலை நடவு அன்று, வாய்க்கால் வெட்டுவதே. நடுவில் ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள்போல் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதத்தில் நீர் ஏறி, வற்றத்தில் இறங்கி, சேர்ந்த உப்பை அலசிக்கொண்டு போயிற்று. பின்னர்க் கரைச்சரிவின் நடுமட்டத்தில் வெண்கண்டல் விதையை ஊன்றினார்கள். உச்சியில் ஊன்றினால் நீர் எட்டாது. அடியில் ஊன்றினால் கன்று மூழ்கும். முத்துப்பேட்டையிலும் இம்முறையே கையாளப்பட்டது.

இதன் பயன் விறகும் தழையும் மட்டுமன்று. உதிர்ந்த இலை மக்கி இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் இரையாகிறது. மூச்சுவேர்களின் இடுக்கு அவற்றுக்கு மறைவிடம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர்க் கரையில் மரச்செறிவின் பின்னே இருந்த கிராமங்கள் திறந்த கரையிலிருந்தவற்றைவிடக் குறைவாகவே சேதமுற்றன. கடலிலிருந்து உள்ள தூரமும் தரைமேடும் அதற்குத் துணைநின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒன்று மாத்திரம் அங்கத்தினர்கள் மனத்தில் வைக்க வேண்டும். வாய்க்கால் ஒருமுறை வெட்டியதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஓதம் கொண்டுவரும் வண்டல் அதை மெல்லத் தூர்க்கிறது. கன்றுகள் நன்றாக வேரூன்றும்வரை ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். இது தனி ஒருவர் வேலையன்று; பொதுவில் ஆள்முறை வகுத்துச் செய்ய வேண்டியது. கன்று தலைதூக்கும்வரை கால்நடையை அப்பக்கம் விடலாகாது. ஆகவே விதை பொறுக்கப் புறப்படும் சங்கத்தார், முதலில் ஓதநேரத்தில் அந்நிலத்துக்குச் சென்று, ஏறிய நீர் எத்தனை நாழிகையில் வடிகிறது என்று நின்று பார்த்துவிட்டு வரவேண்டும்.