மூன்று நாளைக் காப்பாற்றப் போய் நான்கு மாதத்தை இழந்தேன்

(கோப்பாயில் நடைபெற்ற தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் தோழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து இரவிரவாக பஸ்ஸில் வந்தவர்களும், இங்கே கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் கூலிவேலை செய்கிறவர்களும் இன்று ஒன்றாக இருக்கிறீர்கள். இரண்டு பேரும் "தோட்டத்து வேலை" என்றுதான் சொல்கிறோம். அங்கே தோட்டம் என்றால் தேயிலை மலை. இங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைகிற செம்மண் காணி. மண் வேறு, கால் ஒன்றுதான். அந்தக் காலைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள். இப்போது மகளோடு கோப்பாயில் இருக்கிறேன். நான் சொல்லப்போவதை என் காலைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

2021ஆம் ஆண்டு. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு நாம் போராடி, அது கைக்கு வந்த வருடம். மழைக்காலம். பகல் நிறுவைக்குக் கூடையோடு சரிவில் இறங்கினேன். கால் வழுக்கியது. விழாமல் இருக்க வலது காலை அழுத்தி ஊன்றினேன். ஆடுசதையில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி ஓர் அடி. பின்னால் வந்த பிள்ளையைத் திரும்பி ஏசினேன். "நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா" என்று அது அழாக்குறையாக நின்றது. கல்லும் இல்லை, எறிந்தவரும் இல்லை. உள்ளே சதை கிழிந்திருந்தது.

அதற்குப் பிறகு மூன்று பிழை விட்டேன். முதலாவது, அரைப்பேர் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் நொண்டி நொண்டி பின்னேரம் வரை கொழுந்து எடுத்தேன். இரண்டாவது, அன்று இரவே எண்ணெயைச் சூடாக்கி அழுத்தி உருவச் சொன்னேன். விடிய எழும்பும்போது கால் இரண்டு மடங்கு வீங்கி, கணுக்கால் வரை கறுத்திருந்தது. மூன்றாவது, ஒரு நாள் மட்டும் படுத்துவிட்டு அடுத்த நாள் பிரட்டுக்குப் போய் நின்றேன். அன்றே அதே இடம் மறுபடி கிழிந்தது.

மூன்று நாள் சம்பளம் மூவாயிரம் ரூபாய். அதைக் காப்பாற்றப் போய் நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆடுசதை கிழிவதற்கு ஆங்கில வைத்தியத்தில் "டென்னிஸ் கால்" என்று ஒரு பெயர் இருக்கிறது. புல்வெளியில் பந்து விளையாடிய துரைமாரின் காலைப் பார்த்து 1883இல் எழுதிய பெயர். இங்கே கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. நம்முடைய பாட்டிமார் கூடையோடு மலை ஏறி இறங்கியபோது அவர்களுக்கும் இது நடந்திருக்கும். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. "காலில் பிடிப்பு" என்று சொல்லி வேலைக்கு அனுப்பினார்கள்.

பிடிப்பு வேறு, கிழிவு வேறு. பிடிப்பு என்றால் சதை இறுகும், காலை மெதுவாக நீட்டினால் சில நிமிடத்தில் விடும். கிழிவு அப்படி விடாது. தொட்டால் ஓர் இடத்தில் நோகும், நுனிக்காலில் எழும்ப ஏலாது, பிறகு வீங்கும், சிலருக்குக் கறுக்கும்.

அப்படி நடந்தால் என்ன செய்வது? வலித்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். கூடையை, மூட்டையை, மண்வெட்டியை இறக்குங்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் அதைச் சுமக்கட்டும்.

முதல் மூன்று நாளும் காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலம் வையுங்கள். லயத்தில் ஐஸ் ஏது? பீலித் தண்ணீரில் நனைத்த துணி போதும். இங்கே என்றால் கிணற்றுத் தண்ணீர். பாதத்திலிருந்து மேல்நோக்கி பண்டேஜ் சுற்றுங்கள். விரல் நீலம் பூத்தாலோ விறைத்தாலோ தளர்த்துங்கள். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நடக்க வேண்டி வந்தால் ஊன்றுகோலை நோகாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். வலிக்குப் பனடோல் போதும். மற்ற மாத்திரைகளை வைத்தியரிடம் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

அந்த மூன்று நாளும் சூடு வைக்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது, சாராயம் குடிக்கக் கூடாது, காலை இழுத்து நீட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே இரத்தம் கசியும் நேரத்தில் இவை கசிவைக் கூட்டும், கிழிசலைப் பெரிதாக்கும்.

சில கால்களை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாண் அறுந்தாலும் இதே மாதிரித்தான் அடி விழும். குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, ஆடுசதையை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலை. சதை கல்லு மாதிரி இறுகி, வலி ஏறிக்கொண்டே போய், பாதம் விறைத்தால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். அடிபடாமலே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. 2018இல் வடக்குக்கும் வந்தது.

இன்னொன்று. காய்ச்சலோடு இரண்டு ஆடுசதையும் நொந்தால், கண் சிவந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயலிலும் சேற்றிலும் நின்றவர்கள் அதைத் தசைவலி என்று விட்டுவிட வேண்டாம்.

எப்போது வேலைக்குத் திரும்புவது? சிறிய கிழிசல் என்றால் ஒன்று முதல் மூன்று கிழமை. நடுத்தரம் என்றால் ஒன்று இரண்டு மாதம். முழுதாகக் கிழிந்தால் அதற்கும் மேல். வலி குறையக் குறைய கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு சுவரைப் பிடித்து இரண்டு காலிலும் நுனிக்காலில் எழும்புங்கள். பிறகு ஒற்றைக் காலில். நோந்த காலில் மட்டும் நின்று மற்றக் கால் அளவுக்கு எழும்ப முடிந்து, சரிவில் நோகாமல் இறங்கவும் முடிந்தால்தான் கூடையைத் தலையில் மாட்டலாம். வலி நின்ற நாளும் சதை ஆறிய நாளும் ஒன்றல்ல. எனக்கு அது தெரியவில்லை.

2017இல் நம் கிரிக்கெட் அணியின் அஞ்சலோ மத்தியூஸுக்கு ஆடுசதை நொந்தது. பாகிஸ்தானுக்கு எதிரான போட்டிகளில் அவரை விளையாட விடவில்லை. அவருக்கு வைத்தியர் இருந்தார்கள், "நீ இறங்காதே" என்று சொல்ல ஆள் இருந்தது. நமக்கு அதைச் சொல்லச் சங்கம் இருக்க வேண்டும்.

அதனால்தான் கடைசியாக இதைச் சொல்கிறேன். 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்து, தற்காலிகமாக வேலை செய்ய முடியாமற்போனாலும் நட்டஈடு கேட்க இடமுண்டு. கை கால் போனால்தான் என்றில்லை. ஆனால் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும். நான் அன்று கங்காணியிடம் சொல்லவில்லை. டிஸ்பென்சரிக்கு நான்காம் நாள்தான் போனேன். "வீட்டில் வழுக்கி விழுந்திருப்பாய்" என்றார்கள். என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். நடந்த அன்றே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் திகதி, நேரம், இடம், என்ன வேலை செய்தபோது நடந்தது என்பதை எழுதச் சொல்லுங்கள். மருந்துத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் நின்ற இருவரின் பெயரைத் தலைவரிடம் கொடுங்கள். இங்கே காணிகளில் கூலிக்குப் போகிறவர்களும் முதலாளியிடம் அன்றே சொல்லுங்கள், வைத்தியசாலைத் துண்டில் வேலை செய்த இடத்தை எழுதச் சொல்லுங்கள்.

அன்று நான் ஏசிய அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். நான்தான் கேட்கவில்லை. உங்கள் நிரையில் ஒருத்தி திடீரென்று நின்றால் "நடிக்கிறாள்" என்று சொல்லாமல் அவளுடைய கூடையை இறக்குங்கள். பிறகு டிஸ்பென்சரி வரைக்கும் கூடவே போங்கள்.