துண்டு நிலத்துக்கு ஒரு நீதி, மலைநகருக்கு ஒரு நீதி

(புனேயில் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

புனே நகர எல்லையைத் தாண்டினால், நேற்றுவரை கரும்பும் சோளமும் விளைந்த வயல்களில் இன்று சுண்ணாம்புக் கோடுகளும் எல்லைக் கற்களும் தென்படுகின்றன. அங்கே நிலம் குண்டாக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு குண்டா என்பது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 1089 சதுர அடி. தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டரை சென்ட். சாக்கன் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளியும் கட்டடத் தொழிலாளியும் ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வாங்குவது இந்த ஒரு குண்டாவைத்தான்.

தடை யாருக்கு?

விளைநிலம் சிறு துண்டுகளாகச் சிதறினால் சாகுபடி கட்டுபடியாகாது என்று கூறி, 1947இல் பம்பாய் மாகாணம் நிலத் துண்டாடல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மராத்தியில் அதைத் 'துக்டேபந்தி' என்பார்கள். நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குக் கீழான துண்டைத் தனியே விற்க இச்சட்டம் அனுமதிப்பதில்லை. 2023இல் அந்த அளவு பெரும்பாலான மாவட்டங்களில் மானாவாரி நிலத்துக்கு 20 குண்டா, பாசன நிலத்துக்கு 10 குண்டா எனக் குறைக்கப்பட்டது.

நோக்கம் தவறானதல்ல. ஆனால் இடுபொருள் விலை ஏறி, விளைபொருளுக்கு நியாய விலை கிடைக்காமல், கடன் கழுத்தை நெரிக்கும்போது விவசாயி நிலத்தை விற்கிறார். மலிவான வாடகை வீடுகூட இல்லாத நகரத்திலிருந்து தொழிலாளி அதை வாங்க வருகிறார். இடையில் நிற்கும் மனை வணிகர் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வாங்கியவர் கையில் மிஞ்சுவது முத்திரைத்தாள் ஒப்பந்தம் அல்லது பலர் பெயர் சேர்ந்த ஒரே 'சாத்-பாரா' ஆவணம். தனிப் பட்டா இல்லை. வங்கிக் கடன் இல்லை. குடிநீர் இணைப்புக்கும் அலைச்சல்தான். அந்த நிலத்தில் கூலிவேலை செய்த நிலமற்ற தொழிலாளிக்கோ விற்பனையில் ஒரு பைசாவும் இல்லை.

விதிமீறலை முறைப்படுத்த 2017இல் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை கட்டணம் விதிக்கப்பட்டது. 2024இல் அது 5 சதவீதமாயிற்று. 2025இல், 1965 நவம்பர் 15 முதல் 2024 அக்டோபர் 15 வரை நகர்ப்புற, பெருநகரப் பகுதிகளில் நடந்த பரிமாற்றங்களைக் கட்டணமின்றி முறைப்படுத்த அவசரச் சட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு உரிமை கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் சாலையும் வடிகாலும் இல்லாமல் மனை போட்டு விற்றவருக்கு என்ன தண்டனை? அந்தக் கேள்வியை அரசு எழுப்பவே இல்லை.

விலக்கு யாருக்கு?

இதே புனே மாவட்டத்தின் முல்ஷி பகுதியில் எழுந்த லவாசாவைப் பாருங்கள். 1996இல் மலைநகரக் கொள்கை வகுக்கப்பட்டது. 2001இல் 18 கிராமங்கள் மலைநகரப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. விவசாயி அல்லாதோர் விளைநிலம் வாங்குவதற்கான கட்டுப்பாடு, இத்தகைய திட்டங்களுக்காகச் சட்டத் திருத்தத்தின் மூலம் 2005இல் தளர்த்தப்பட்டது. 2008இல் அந்தத் தனியார் நிறுவனமே சிறப்புத் திட்ட அதிகார அமைப்பாக நியமிக்கப்பட்டது. அனுமதி கேட்க வேண்டியவர் கையிலேயே அனுமதி முத்திரை! 2018இல் திவால் நடவடிக்கை தொடங்கியது. வீடு வாங்கப் பணம் கட்டியோர் தெருவில் நின்றனர்.

தொழிலாளியின் ஒரு குண்டா அரை நூற்றாண்டுக் காலம் குற்றமாக இருந்தது. மூலதனத்தின் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சட்டமே வளைந்து கொடுத்தது. வர்க்க அரசின் நடுநிலை இதுதான்.

மக்களைக் கேட்காமல் தீட்டப்படும் திட்டம் நிலைக்காது என்பதற்கும் புனேயே சான்று. பெருநகர வளர்ச்சி ஆணையம் 2021இல் வெளியிட்ட வரைவுத் திட்டத்துக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. 2025இல் அந்த வரைவே கைவிடப்பட்டது. கிராம மக்கள் மனு எழுதிய கைகளின் வலிமை அது. ஆனால் திட்டம் இல்லாத இடைவெளியில் செழிப்பது மனை வணிகமே என்பதையும் மறக்கலாகாது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் நிலையும் வேறல்ல. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது; 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. வரிசையில் நின்று கட்டணம் செலுத்தியவர் மனை வாங்கிய ஏழை. மறுபுறம், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்காக, நீர்நிலைகள் அடங்கிய நிலத்தையும் ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் 2023இல் நிறைவேற்றப்பட்டது. விவசாய சங்கங்கள் அதை எதிர்த்து நிற்கின்றன.

செய்ய வேண்டியது

குடியிருக்கும் ஏழைக்குக் கட்டணமின்றிப் பட்டா, சாலை, குடிநீர், வடிகாலுக்கான செலவு மனை போட்டு விற்றவரிடமிருந்து வசூல், கிராம சபையின் ஒப்புதலின்றி விளைநில வகை மாற்றமோ விதிவிலக்கோ கூடாது, நிலமற்றோருக்கு வீட்டுமனை, விளைபொருளுக்குச் சட்டப்பூர்வ ஆதார விலை. இவை ஒன்றோடொன்று பிணைந்த கோரிக்கைகள்.

மனை வாங்கிய தொழிலாளியையும் நிலம் விற்ற விவசாயியையும் எதிரெதிரே நிறுத்துவது ஆளும் வர்க்கத்துக்கு எளிது. இருவரையும் ஒரே கிராம சபையில், ஒரே மனுவின் கீழ் ஒன்றுசேர்ப்பது கட்சிக் கிளைகளின் கடமை. வரைவுத் திட்டம் வெளியாகும் நாளில் வரைபடத்தை ஊர் நடுவே விரித்து, எந்த வயல் எந்த நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது என்று மக்களோடு அமர்ந்து படியுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கும் காலக்கெடு முடியும் முன்பே போராட்டம் தொடங்கிவிட வேண்டும், தோழர்களே!