முகவரி இல்லாத கதிர்கள்

இரவில் நாம் அண்ணாந்து காணும் வானம், வானத்தின் ஒரு சிறு பகுதியே ஆகும். நம் கண் அறியும் ஒளி, ஒளியின் பெருங்குடும்பத்தில் ஓர் உறுப்பு மட்டுமே. அக்குடும்பத்தில் ரேடியோ அலைகள் உண்டு. வெப்பமாக நாம் உணரும் அகச்சிவப்புக் கதிர்கள் உண்டு. புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் உண்டு. எல்லாவற்றிலும் ஆற்றல் மிக்கது காமாக் கதிர். கண்ணால் காணும் ஒளியைவிடப் பல கோடி மடங்கு ஆற்றல் கொண்ட காமாக் கதிர்களும் விண்ணிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவை நிலத்தை எட்டாதபடி நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. ஆதலின் அவற்றை நேரே காண வேண்டுமானால் கருவியைக் காற்று மண்டலத்திற்கு அப்பால் அனுப்பியாக வேண்டும்.

அவ்வாறு 1991-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட காம்ப்டன் என்னும் விண் ஆய்வகத்தின் கருவியொன்று, 271 இடங்களிலிருந்து காமாக் கதிர்கள் வருவதாகக் கண்டது. அவற்றுள் 170 இடங்களில் இருப்பது இன்னதென்று சொல்ல இயலவில்லை. 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெர்மி என்னும் அதனினும் நுண்ணிய தொலைநோக்கி விண்ணில் ஏறியது. அதன் முதல் எட்டாண்டு உழைப்பைத் தொகுத்து 2020-இல் வெளியான பட்டியலில் 5,064 மூலங்கள் இடம்பெற்றன. அவற்றுள்ளும் 1,336 மூலங்களுக்கு உரிய பொருள் எதுவெனத் தெரியவில்லை. ஏறத்தாழ நான்கில் ஒன்று பெயரின்றி நின்றது.

இந்தத் தடுமாற்றம் ஏன்? காமாக் கதிரை ஆடியாலோ வில்லையாலோ வளைத்துக் குவிக்க இயலாது. பெர்மியினுள்ளே டங்ஸ்டன் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. கதிர் தகட்டில் மோதியதும் எலெக்ட்ரான், பாசிட்ரான் என்ற இரு துகள்கள் பிறந்து பாய்கின்றன. அவை சென்ற தடத்தைச் சிலிக்கான் கருவிகள் குறித்துவைக்கின்றன. அத்தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் கதிர் வந்த திசை புலனாகும். ஆயினும் அத்திசையை ஒரு புள்ளியாகக் காட்ட முடிவதில்லை. முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான ஒரு வட்டத்தைக் காட்டி, இதனுள் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே பல வேளைகளில் கூற முடிகிறது. அந்தச் சிறு வட்டத்தினுள் நூற்றுக்கணக்கான விண்மீன்களும் தொலைதூர விண்மீன் மண்டலங்களும் செறிந்திருக்கும். தெருவின் பெயர் தெரிகிறது. வீட்டின் எண் தெரியவில்லை.

பெயர் தெரிந்த மூலங்களில் பெரும்பாலானவை எவை என்று பார்த்தால் ஒரு வழி தோன்றுகிறது. அப்பட்டியலில் 3,130-க்கும் மேற்பட்டவை பிளேசார் எனப்படும் இனத்தைச் சேர்ந்தவை. பிளேசார் என்பது யாது? தொலைவிலுள்ள ஒரு பெரிய விண்மீன் மண்டலத்தின் நடுவே, கதிரவனைப் போலப் பல கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதை நோக்கி விழும் பொருள்களில் ஒரு பகுதி, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் இரு தாரைகளாக வெளியே பீறிடுகிறது. அத்தாரைகளில் ஒன்று நம்மை நோக்கியே அமைந்துவிட்டால் அதுவே பிளேசார். நேர் எதிரே வரும் ரயில் எஞ்சினின் முன்விளக்குப் போல அது கண்ணைப் பறிக்கும்.

இந்த இனத்தின் வரலாறே தவறான பெயரில்தான் தொடங்கியது. 1929-இல் ஜெர்மானிய அறிஞர் ஹாப்மைஸ்டர், பல்லி என்னும் விண்மீன் தொகுதியில் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றிய ஒன்றைக் கண்டார். அதனை மாறொளி விண்மீன் என்று கருதி, விண்மீனுக்குரிய பெயரையே சூட்டினர். அவ்விடத்திலிருந்து வலிய ரேடியோ அலைகளும் வருகின்றன என்பது 1968-இல் தெரிந்த பின்னரே அது விண்மீன் அன்று என்ற ஐயம் எழுந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் அது பொய்ப்பெயருடன் வாழ்ந்தது. அதன் பெயரையும் குவாசார் என்ற சொல்லையும் இணைத்து, எட்வர்டு ஸ்பீகல் என்பவர் 1978-இல் பிளேசார் என்னும் பெயரை வழங்கினார்.

இனி, பெயரற்ற மூலங்களுள் பிளேசார்களை எவ்வாறு கண்டெடுப்பது? வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். புதிய ஊரில், இந்தத் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டுச் செல்கிறோம். ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டிருக்க இயலுமா? எந்த வாசலில் புள்ளிக் கோலம் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறோம். பிளேசார்களின் வாசலிலும் அத்தகைய கோலம் ஒன்று உண்டு. அது அகச்சிவப்புக் கதிரில் காணும் நிறம்.

நிறம் என்றால் என்ன? இரண்டு அலைநீளங்களில் ஒரு பொருள் எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் ஒப்பீடே நிறம். 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் என்னும் தொலைநோக்கி, 3.4, 4.6, 12, 22 மைக்ரான் ஆகிய நான்கு அகச்சிவப்பு அலைநீளங்களில் வானம் முழுவதையும் படம் எடுத்தது. விண்மீன்கள் சூட்டினால் ஒளிர்பவை. இந்த அலைநீளங்களில் அவற்றின் ஒளி, சூடு எத்தன்மையதாயினும், பெரும்பாலும் ஒரே விகிதத்தில் அமைகிறது. தூசி நிறைந்த விண்மீன் மண்டலங்களோ 12 மைக்ரானில் மிகுதியாக ஒளிரும். பிளேசாரின் ஒளி சூட்டினால் பிறப்பதன்று. காந்தப் புலத்தில் சுழன்றோடும் எலெக்ட்ரான்கள் உமிழும் ஒளி அது. ஆதலின் ஓர் அலைநீளத்திலிருந்து மற்றொன்றுக்கு மேடுபள்ளமின்றிச் சீராக மாறுகிறது.

பிரான்செஸ்கோ மஸ்ஸாரோ, ரஃபாயெலே தப்ருஸ்கோ முதலிய இத்தாலிய அறிஞர்கள் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இதனைப் பயன்படுத்தினர். இரண்டு நிறங்களை எடுத்து, ஒன்றைக் கிடையாகவும் மற்றொன்றை நெடுக்காகவும் வைத்து வரைபடம் இட்டனர். விண்மீன்கள் ஒரு மூலையில் குவிந்தன; மண்டலங்கள் ஒருபுறம் பரந்தன; காமாக் கதிர் வீசும் பிளேசார்களோ ஒரு குறுகிய பட்டையில் வரிசையாக நின்றன. இனிச் செய்ய வேண்டியது தெளிவு. பெர்மி காட்டும் வட்டத்தினுள், அந்தப் பட்டையில் விழும் நிறமுடைய பொருள் எது என்று தேட வேண்டும். நூற்றுக்கணக்கானவை விலகி, ஒன்றிரண்டே எஞ்சும்.

ஆனால் கோலம் கண்ட மாத்திரத்தில் தமிழர் வீடு என்று முடிவு செய்யலாமா? மராட்டியர் இல்லங்களின் வாசலிலும் ரங்கோலி பொலிகிறதன்றோ? காமாக் கதிர் வீசாத சாதாரணக் குவாசார்கள் சிலவும் அந்தப் பட்டையின் அருகே வந்து நிற்கின்றன. நிறம் ஒரு குறிப்பே அன்றிச் சான்று ஆகாது. எனவே வேறு சாட்சிகளை அழைக்க வேண்டும். முதற்சாட்சி ரேடியோ அலை. பிளேசார்கள் யாவும் ரேடியோ அலைகளை வீசுகின்றன. சாதாரணக் குவாசார்களிற் பெரும்பாலானவை மிகச் சிறிதே வீசுகின்றன. இறுதிச் சாட்சி, ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் காணும் ஆய்வு. அதுவே கதவைத் தட்டி ஆளை நேரில் காண்பது.

ரேடியோச் சாட்சியை நாடும்போது உலகம் புனேயின் பக்கம் திரும்புகிறது. புனேயிலிருந்து நாசிக் செல்லும் சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் நாராயண்காவ். அதனருகே கோடத் என்னும் சிற்றூரைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திற்குப் பரவி நிற்கின்றன. இதுவே மாபெரும் மீட்டர் அலை ரேடியோத் தொலைநோக்கி. இதனை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப், அதற்குமுன் நம் தமிழகத்தில் உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில், 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை 1970-இல் நிறுவியவர். அங்கும் இதே போன்ற முகவரிச் சிக்கலே தீர்க்கப்பட்டது. ஒரு ரேடியோ மூலத்தை நிலவின் விளிம்பு மறைக்கும் கணத்தை நுட்பமாக அளந்து, அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கணித்தனர். நீலகிரியில் பயின்ற அக்கலையே பின்னர் புனேயில் பெருகியது.

புனேத் தொலைநோக்கி 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானத்தின் பத்தில் ஒன்பது பங்கை ஆராய்ந்தது. 2017-இல் வெளியான அதன் பட்டியலில் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்கள் உள்ளன. அகச்சிவப்பு நிறத்தால் ஐயத்திற்குரியதாகும் ஒரு பொருள், ரேடியோ அலையும் வீசுகிறதா என்று இதிற் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். பெயரற்ற மூலங்கள் அனைத்தும் பிளேசார்கள்தாம் என்று கொள்வது பெரும்பிழை. பாஸ்வதி பட்டாச்சார்யாவும் உடன் ஆய்வாளர்களும் அத்தகைய மூலங்களின் திசைகளில் இந்தத் தொலைநோக்கியைத் திருப்பினர். 2013-இல் அவர்கள் வெளியிட்ட செய்தி வியப்பானது. எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு காமாக் கதிர் மூலத்தில், நொடிக்கு 460 தடவைக்கு மேல் சுழலும் பல்சார் ஒன்று இருந்தது. பல்சார் என்பது வெடித்து மாண்ட விண்மீனின் எச்சம். மிகச் சிறிய துணை ஒன்று மூன்று மணிக்கும் குறைவான நேரத்தில் அதனைச் சுற்றி வருகிறது. பல்சாரின் கதிர்களால் அத்துணை சிறிது சிறிதாகக் கரைகிறது. துணையைத் தின்னும் சிலந்தியின் பெயரால் இவ்வினத்தைக் கருங்கைம்பெண் என்று அழைக்கின்றனர். அந்த வட்டத்தினுள் பிளேசார் நிறத்தில் ஏதேனும் ஒன்றைக் கண்டு, இதுவே என்று எழுதிவிட்டிருந்தால், இந்த அரிய பொருள் அகப்பட்டிருக்குமா?

இதனாற்றான் பெயரிடும் பணி வெறும் பட்டியல் வேலை ஆவதில்லை. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் மிகுதியாக உண்டு என்பர். அது தன்னுள் மோதி அழியுமாயின் காமாக் கதிர் எழலாம் என்பது இயற்பியலார் சிலரின் கருத்து. அத்தகைய இடம் ஒன்று இருக்குமானால், வேறெந்த அலையிலும் அதற்கு முகவரி கிட்டாது. பெயரற்ற கூட்டத்தில்தான் அதுவும் ஒளிந்திருக்கும். தெரிந்த பிளேசார்களை முறத்திலிட்டுப் புடைத்து அகற்றினால்தான் தெரியாதது மிஞ்சும். அவசரப்பட்டுப் புடைத்தால் மணியும் பதரோடு போய்விடும்.

வைஸ் தொலைநோக்கி 2024-ஆம் ஆண்டில் பணி முடித்து ஓய்ந்தது. அது எடுத்த படங்கள் நிலைத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு தேடும் வேலையும் நடந்து வருகிறது. புனேயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நேயர்கள் தம் பிள்ளைகளுடன் ஒருமுறை கோடத் சென்று வருவது நன்று. தேசிய அறிவியல் நாளாகிய பிப்ரவரி 28-ஐ ஒட்டி அங்கே பொதுமக்களுக்கு அறிவியற் கண்காட்சி நடத்துவது வழக்கம். கம்பி வலையால் ஆன அந்தப் பெரிய கிண்ணங்கள் ஒன்றாக ஒரே திசையில் திரும்பும் காட்சியை அவர்கள் அங்கே காணலாம்.