கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்...
(உழவர் பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரை)



பயிருக்கு வரும் நோய்களைப் பற்றிக் காலையிலிருந்து கேட்டிருப்பீர்கள். பயிரிடுகிறவருக்கு வரும் ஒரு தொல்லையைப் பற்றிச் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். நடுச்சாமத்தில் கெண்டைக்கால் சதை கல் போல் உருண்டு உயிர் போக வலிக்கிறதே, அதுதான். சில ஊர்களில் குரக்கு பிடித்தது என்பார்கள். சில ஊர்களில் நரம்பு இழுக்கிறது என்பார்கள். உண்மையில் முறுக்கிக் கொள்வது சதைதான். சுருங்கிய சதை விரியாமல் அப்படியே நின்று விடுகிறது. ஆகவே அதை நீட்டி விடுவதே முதல் வைத்தியம்.

முழங்காலை மடக்காமல் நீட்டிக் கொள்ளுங்கள். பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, கால் விரல்கள் முகத்தை நோக்கி வரும்படி மெல்ல இழுத்துப் பிடியுங்கள். கை எட்டாதவர்கள் தோள் துண்டை உள்ளங்காலில் கொடுத்து இரு முனைகளையும் பிடித்து இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இலேசாக நீவி விடலாம். மறுநாளும் சதையில் வலி இருந்தால் பயப்பட வேண்டாம். சிலர் கயிற்றால் இறுகக் கட்டுகிறார்கள். அதனால் பயனில்லை, இரத்த ஓட்டம்தான் தடைப்படும்.

இரவில் ஏன் வருகிறது? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கெண்டைச் சதை ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிறது. புரண்டு படுக்கும் சிறு அசைவே போதும், பிடித்துக் கொள்ளும். வயதானவர்களுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இது அதிகம். படுக்கப் போகுமுன் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். பத்து வரை எண்ணுங்கள். காலுக்கு மூன்று முறை செய்தால் போதும். இது பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாதீர்கள். 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்து, 2012-ல் வெளியான ஆராய்ச்சியில், இரவுதோறும் இப்படிக் கால் சதைகளை நீட்டி வந்தவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்பும் வலியும் குறைந்தன.

பகலில், வெயிலில் வரும் பிடிப்பு வேறு கதை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு கோடையில் எங்கள் ஊரில் கரும்பு வெட்ட வந்தவருக்குக் கால் பிடித்துக் கொண்டது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி அரிவாளை எடுத்தார். மீண்டும் பிடித்தது; மீண்டும் தண்ணீர். மூன்றாம் முறை தோகை மேலேயே விழுந்து விட்டார். நல்லவேளை, பிழைத்துக் கொண்டார். வியர்வையில் நீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. 1920-களிலேயே இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டறிந்தார்கள். வியர்க்க வியர்க்க உழைத்து வெறும் தண்ணீரையே குடித்தவர்களுக்குப் பிடிப்பு வந்தது. சிறிது உப்புக் கலந்து கொடுத்ததும் அது குறைந்தது.

நம் வீட்டில் உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் இருக்கின்றனவே! கழனிக்குப் போகும்போது தூக்குவாளியில் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும், 6 தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்துக் கொள்ளலாம். உப்புக் கூடினால் கெடுதல். இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது. பிடித்தவுடன் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்துவிட வேண்டும். விட்டுவிட்டது என்று அன்றைக்கே வெயிலில் இறங்காதீர்கள். கூலி போகிறதே என்பீர்கள், எனக்கும் தெரியும். ஒரு மணி நேரத்தில் விடாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ, உடம்பெல்லாம் நீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே உடனே கொண்டு போங்கள்.

மாத்திரை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் இரவுப் பிடிப்புக்குக் கொயினா கொடுத்தார்கள். இரத்தத்தைக் கெடுக்கும் ஆபத்து உண்டு என்பதால் இதற்கு அதைத் தின்னக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. மெக்னீசியம் மாத்திரையும் வயதானவர்களுக்குப் பலன் தந்ததாகத் தெரியவில்லை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிப்பு வரலாம். தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் தைலம் போட்டு நீவாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக் கூடும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுப்போகிறதா? அது இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி குடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சிமருந்து அடிக்கும்போது அல்லது அடித்துவிட்டு வந்தபின் சதை துடித்து, எச்சில் ஒழுகி, கண் மங்கி, மூச்சு முட்டினால் அதைச் சாதாரணக் கால் பிடிப்பு என்று எண்ணி மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். அது நஞ்சு. உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த மருந்து என்று மருத்துவர் கேட்பார். புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.