சினிமாவுக்குப் போவோம், எல்லோரும் சேர்ந்து போவோம்

(புதுவயலில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வழக்கமா இந்தக் கூட்டத்துல சேமிப்பு, உள்கடன், பதிவேடு பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு சினிமாவுக்குப் போன கணக்கைப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, இதுவும் வரவு செலவுதான்.

சினிமா நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை அவர் காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்து எடுத்தார். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவிச்சு உட்கார்ந்து படம் பார்த்த அப்பத்தாக்கள் இங்கேயும் இருக்கீங்க. அன்னைக்குத் தரை டிக்கெட்டு, கையில ஒரு முறுக்கு, நடந்தே வீடு. செலவு அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு குழுவில் 12 பேரோடு நாங்களும் காரைக்குடிக்குப் படம் பார்க்கப் போனோம். எல்லோரும் அரிசி ஆலை வேலைக்கும் வயல் வேலைக்கும் போறவங்க. டவுன் பஸ்ஸில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போகும்போது செலவில்லை.

திரும்பி வந்து நோட்டில் எழுதிப் பார்த்தோம். டிக்கெட்டு தலைக்கு 120 வீதம் 1,440 ரூபாய். உள்ளே பாப்கார்ன், காபி, தண்ணீர் பாட்டில் 930 ரூபாய். மாலைக் காட்சி முடிய நேரமாகிப் பஸ் போய்விட்டது, இரண்டு ஆட்டோவுக்கு 600 ரூபாய். மொத்தம் 2,970. தலைக்கு 247 ரூபாய் 50 காசு. பாருங்க, டிக்கெட்டுச் செலவு பாதிகூட இல்லை. மீதியெல்லாம் நாம் யோசிக்காமல் செய்த செலவு.

வாசலில் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கலை. படித்த நாங்களும்தான். பிறகுதான் விவரம் தேடினோம். 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வெளி உணவைத் தியேட்டர்காரர் தடுக்கலாம். ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் அளவான உணவைத் தடுக்கக் கூடாது. உள்ளே விற்பதை வாங்குவதும் வாங்காததும் நம்ம இஷ்டம். “குடிதண்ணி எங்க இருக்கு?” என்று கேட்டால் போதும், சண்டை போட வேண்டியதில்லை.

வரியையும் தெரிஞ்சுக்கணும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அதனால் குறைந்த வகுப்பு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.

“இந்தக் கஷ்டத்துல படம் தேவையா?” என்று சிலர் கேட்கிறீங்க. அன்னைக்குக் கூட வந்த ஒரு அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டோம். “கதை பாதி புரியலை தாயீ. ஆனா மூணு மணி நேரம் யாரும் என்னைய ஒரு வேலையும் ஏவலை” என்றார். இதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல?

இன்னொன்று மனசை உறுத்துது. அந்தக் குழுவில் ஒரு சகோதரி தலைவலி என்று சொல்லி வரலை. கையில் பணம் இல்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். அது நமக்கு மறுவாரம்தான் தெரிஞ்சது. அவசரத்துக்கு உதவத்தானே குழு ஆரம்பிச்சோம்? நம்ம குழுவிலேயே ஒருத்தி பொய் சொல்லி வீட்டில் உட்கார வேண்டி வந்தால், தப்பு அவள் மேல் இல்லை, நம்ம ஏற்பாட்டின் மேல்.

அதனால் அந்தக் குழு ஒரு தீர்மானம் போட்டது. வாரம் 5 ரூபாய் தனி உண்டியலில் போடுவது. 52 வாரத்தில் 260 ரூபாய். டிக்கெட்டும் பலகாரமும் போக, பிள்ளைக்கு ஒரு டிக்கெட்டு எடுக்கவும் கொஞ்சம் உதவும். சேமிப்புப் பணத்தைத் தொடக் கூடாது. படத்துக்காக உள்கடன் கிடையாது, வெளிவட்டியும் கிடையாது. ஒரு வாரம் போட முடியாதவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கூட்டம் கூடும் முதல் நாள் வேண்டாம், சாதாரண நாளில் பகல் காட்சிக்குப் போய் டவுன் பஸ்ஸிலேயே திரும்புவது. ஆட்டோச் செலவு 600 ரூபாய் அப்படியே மிச்சம்.

உங்க குழுக்களிலும் இதைப் பேசிப் பாருங்க. சினிமாதான் வேணும்னு இல்லை, கோயில் திருவிழாவா இருக்கலாம், கடற்கரையா இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு நாள் நமக்காக. ஆனா போகும்போது ஒருத்தியையும் விட்டுட்டுப் போகக் கூடாது.

கணக்கோடு போவோம், கூடிப் போவோம்.