தானாக மடியும் புரதம்

நம் உடம்பில் உருவாகும் ஒவ்வொரு புரதமும் முதலில் ஒரு நீளமான சங்கிலிதான். அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பெரும்பாலும் அது சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். எப்படி மடிய வேண்டும் என்று அதற்கு எங்கே எழுதியிருக்கிறது?

அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் இதற்கு விடை தேடினார். மாட்டுக் கணையத்தில் கிடைக்கும் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை எடுத்துக்கொண்டார். அதில் 124 அமினோ அமிலங்கள். இடையே நான்கு கந்தகப் பிணைப்புகள். யூரியாவில் கரைத்து, பிணைப்புகளையும் அறுத்துவிட்டார். நொதி குலைந்து செயலிழந்தது. பிறகு யூரியாவை நீக்கிக் காற்றுப் படும்படி விட்டார். யாரும் தொடாமலே அது பழையபடி மடிந்து, மறுபடி வேலை செய்யத் தொடங்கியது!

அறுந்த நான்கு பிணைப்புகளின் எட்டுக் கந்தக முனைகள் ஜோடி சேர 105 வழிகள் உண்டு. சரியானது ஒன்றுதான். யூரியாவுக்குள்ளேயே பிணைப்புகளை உருவாக்கியபோதோ அவை தாறுமாறாகச் சேர்ந்தன. நொதி ஏறக்குறைய முடங்கியே கிடந்தது. இந்த எதிர்ச்சோதனையையும் செய்து பார்த்ததில்தான் அவருடைய மேதைமை தெரிகிறது. மடிப்புக்கான செய்தி அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று அவர் நிறுவினார்.

அதற்காக 1972-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ரைபோநியூக்ளியேஸுக்குப் பிறகு வேறொரு நொதியை எடுத்து, அது விரிந்து மடியும் அசைவை ஆன்டிபாடிகளைக் கொண்டு ஆராய்ந்தார்.

அன்ஃபின்சன் சொன்ன அந்த அமினோ அமில வரிசையைக் கொண்டு புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு, 2024-இல் அதே வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது.